நாற்பத்தோராவது அட்டை

அருளானந்தத்தின் பேச்சை அழித்தவன் நான். அவர் மனைவி திலகவதி அல்ல.

இந்த இரண்டு வரிகளை எழுத எனக்கு ஒன்றரை ஆண்டு ஆகியிருக்கிறது. எழுதிவிட்டேன். ஆனால் படிக்க வேண்டியவர் படிக்கப்போவதில்லை, நீங்கள்தான் படிக்கிறீர்கள். அதனால்தான் துணிந்தேனோ என்னவோ…

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கிள்ளானில், ஒரு தாமானின், அதாவது வீடமைப்புக் குடியிருப்பின், கடைசி வரிசை வீட்டில் இருக்கிறேன். தொலைபேசிப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இரண்டு பழக்கங்கள். ஒன்று, நடப்பதையெல்லாம் நாளும் நேரமும் போட்டு நோட்டில் எழுதிவைப்பது. ஒரு கோயில் மலரில் ஆண்டு தவறாக அச்சாகிவிட்டது என்பதற்காக நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதியவன் நான். "அண்ணே, ஒரு வருஷம்தானே, சாமி கோவிச்சுக்காது லா" என்று செயலாளர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுத்தில் இருப்பது உண்மையாக இருக்க வேண்டும் என்று அவருக்கே ஒரு பிரசங்கம் செய்தேன். எவ்வளவு பெரிய ஆள்!

இன்னொரு பழக்கம், பழைய கையடக்கக் கணினிகளுக்கு நினைவக அட்டை செய்வது.

நீங்கள் அந்தக் கணினிகளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு கனமான புத்தகம் அளவு. மடியில் வைத்துத் தட்டலாம். எட்டு வரி மட்டும் காட்டும் சாம்பல் நிறத் திரை. தட்டியதைச் சேமிக்க உள்ளே வட்டு எதுவும் கிடையாது. எல்லாம் நினைவகச் சில்லுகளில் இருக்கும். மின்சாரம் இருக்கும் வரை இருக்கும். நாலு பேட்டரிகள் அதை ஓட்டும். அந்த நாலையும் மாற்றும்போது நினைவு போய்விடாமல் தாங்கிக்கொள்ள உள்ளே ஒரு சின்ன பேட்டரியும் உண்டு.

இந்த இயந்திரங்களில் இடம் மிகக் குறைவு. இருபது பக்கம் எழுதினால் நிறைந்துவிடும். அதற்காகத்தான் என் அட்டைகள். பச்சைப் பலகையில் சில்லுகளை ஒவ்வொரு காலாக ஈயம் வைத்துப் பற்றவைத்து, இயந்திரத்தின் வயிற்றுக்குள் பொருத்தினால் இடம் நாலு மடங்காகும். ஒவ்வோர் அட்டைக்கும் எண் போடுவேன். அருளானந்தத்துக்குச் செய்தது நாற்பத்தோராவது.

முதல் தடவை அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு. பூச்சோங்கில் இருக்கும் மகள் கவிதா காரில் அழைத்து வந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணினிக் கடைக்காரர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

அருளானந்தம் நெடிய மனிதர். கழுத்தில் மெல்லிய வெள்ளைத் துணி. தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சிக்காரர் தமிழில் சொல்வதை மலாயிலும் ஆங்கிலத்திலும், நீதிபதி சொல்வதைத் தமிழிலும் உரக்கச் சொல்வதே அவர் வேலை. அந்தக் குரல்தான் போயிருந்தது.

அதற்குப் பதிலாக அவர் மடியில் அந்தப் பழைய கணினி இருந்தது. வேலை பார்த்த நாளில் குறிப்பெடுக்க வாங்கியது. அதில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் திரையைத் திருப்பிக் காட்டுவார். அதுதான் அவர் பேச்சு.

"ஃபோன்லயே தட்டலாம்ப்பான்னு நான் எவ்வளவோ சொல்லிட்டேன் அங்கிள்" என்றாள் கவிதா. "கேட்டாத்தானே! இதுல கீ பெருசா இருக்காம்."

"மெமரி ஃபுல்லு அண்ணே" என்றார் திலகவதி. குள்ளமான, சுறுசுறுப்பான பெண்மணி. "நாலு நாளா டொய்ங் டொய்ங்னு கத்துது, ஒரு எழுத்து எடுக்க மாட்டேங்குது. பழசை அழிங்கன்னா அழிக்க மாட்டேங்கிறாரு. என்ன இருக்கு அதுல? சீனி போதும், தண்ணி சூடு பத்தல, ஃபேன் போடு… இதான்!"

அருளானந்தம் என் மேசையில் இருந்த தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். 'முப்பது வருஷம் மற்றவர்கள் பேச்சைப் பேசினேன். இது என் சொந்தப் பேச்சு. அழிக்க மாட்டேன்.'

திலகவதி எட்டிப் படித்துவிட்டு, "ஆமா லா, பெரிய மேடைப் பேச்சு! ரசத்துல உப்பு இல்லேன்னு அடிச்சத வெச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்றார்.

அவர் உடனே இன்னொரு வரி எழுதினார். 'சாட்சி எதிர்த்தரப்பு. நம்ப வேண்டாம்.'

நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். அவர் சிரிப்பில் சத்தம் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

சில்லுகள் வர வேண்டியிருந்தது. அதுவரை அவர் பேச்சை என்னிடம் வாங்கி வைக்க முடியாது. கொஞ்சம் பழையதை நீக்கிச் சமாளியுங்கள் என்றேன். மறுத்தார். கவிதா சின்னக் கரும்பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தாளாம். அட்டை தயாராகும் வரை அதில் எழுதி எழுதித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை, திலகவதி தனியாக கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்து இயந்திரத்தை என் கையில் கொடுத்தார். பூப்போட்ட துணிப்பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம்.

"காலையில நாலு பேட்டரியும் புதுசா மாத்திட்டேன் அண்ணே. உங்ககிட்ட வந்து செத்துப் போயிடக் கூடாதுல்ல?"

எவ்வளவு அன்பான காரியம் அது! அந்த வாக்கியத்தை நான் பின்னால் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

அவர் போன பிறகு இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது. ஒரு சொல்கூடக் குறையவில்லை. உள்ளே இருந்த சின்ன பேட்டரி நன்றாக இருந்தது. மீட்டர் வைத்து அளந்து நோட்டிலும் எழுதினேன். இதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்… வந்தபோது எல்லாம் இருந்தது.

அட்டை பொருத்துவதற்கு ஒரு முறை உண்டு. இயந்திரத்தைப் பிரித்தால் பேட்டரித் தொடர்பு முழுவதும் அறுந்துவிடும், நினைவு போய்விடும். ஆகவே முதலில் கம்பி மாட்டி, உள்ளே இருப்பதையெல்லாம் வேறொரு கணினிக்குப் படி எடுக்க வேண்டும். பிறகு பிரித்து, பொருத்தி, மூடி, படியைத் திரும்ப ஏற்ற வேண்டும். படி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா?

இருபது நிமிடம்.

அந்த இருபது நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. ஏன்? அவசரமா? இல்லை. சோம்பலா? அதுவும் இல்லை. சோம்பலாக இருந்திருந்தால்கூட என்னை ஓரளவு மன்னித்துக்கொள்வேன்.

பெருமை! வெறும் பெருமை!

இந்தப் பழைய கணினிகளில் பைத்தியம் பிடித்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இணையத்தில் எங்களுக்கு ஒரு குழு உண்டு. அதில் நான் ஒரு முறையைச் சொல்லியிருந்தேன். படி எடுக்கவே வேண்டாம். இரண்டு கிளிப்பால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால், நினைவு உயிரோடு இருக்கும்போதே உள்ளே அட்டையைப் பொருத்தலாம் என்று. என் சொந்த இயந்திரங்களில் இரண்டு தடவை செய்தும் இருந்தேன். ஒருவர் நம்பவில்லை. "காலி இயந்திரத்தில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், நிறைந்த இயந்திரத்தில் செய்து காட்டுங்கள்" என்று எழுதினார்.

நிறைந்த இயந்திரம்! ஓர் எழுத்துக்கும் இடமில்லாமல் நிறைந்த இயந்திரம் என் மேசையில் இருந்தது. அது ஒரு மனிதனின் பேச்சு என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல சான்று என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்கு உட்கார்ந்தேன். குழுவில் போடுவதற்காக, முதலில் திரையைக் கைபேசியில் படம் எடுத்தேன். எந்தப் பக்கத்தை எடுப்பது? கடைசிப் பக்கம் போதும் என்று எடுத்தேன். எடுக்கும்போது படித்தேன். படிக்காமல் எடுத்திருக்கலாம். படித்தேன்.

எட்டு வரிகள். அவர் பக்கத்துப் பேச்சு மட்டும். ஆங்கில எழுத்தில், அந்தச் சின்னத் திரையில் எட்டு வரியாக மடங்கி இருந்ததை உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்:

'ரசத்தில் உப்பு இல்லை. புகார் அல்ல. தகவல்.

கவிதாவிடம் சொல்லாதே. பயப்படுவாள்.

இங்கே வா. இதைப் படி.

என் சத்தம் நின்ற பிறகுதான் அடுப்படியில் நீ பாடுவது கேட்கிறது. நிறுத்தாதே.'

அதோடு இடம் தீர்ந்துபோயிருந்தது. அந்த 'நிறுத்தாதே'தான் இயந்திரம் ஏற்றுக்கொண்ட கடைசிச் சொல்.

படித்துவிட்டு என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கணம் நிறுத்தினேனா? கம்பியைத் தேடி எடுத்தேனா? திருகாணியைக் கழற்றினேன்!

இரண்டு கிளிப்பையும் மாட்டினேன். பலகையை வெளியே எடுத்தேன். அட்டையைப் பொருத்தினேன். எல்லாம் சரியாகவே நடந்தது. அதையும் படம் எடுக்க வேண்டும் அல்லவா? இடது கையில் பலகையைச் சாய்த்துப் பிடித்து, வலது கையில் கைபேசியை உயர்த்தினேன். வெளிச்சம் போதவில்லை. பலகையைச் சன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.

சிவப்புக் கிளிப் நழுவியது.

சத்தமே இல்லை. பொறியும் இல்லை, புகையும் இல்லை. உடனே மாட்டிவிட்டேன்; ஒரு வினாடிகூட இருக்காது. மணி இரண்டு பத்து. மூடி, பொத்தானை அழுத்தினேன். திரை வந்தது. இடம் எவ்வளவு என்று காட்டியது. நாலு மடங்கு, முழுவதும் காலி.

என் அட்டை அருமையாக வேலை செய்தது!

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று நோட்டில் இல்லை. என் நோட்டில் இல்லாத நேரம் அது ஒன்றுதான்.

நாலு மணிக்குக் கைபேசி அடித்தது. திலகவதி.

"அண்ணே, முடிஞ்சிருச்சா? இவரு காலையிலேர்ந்து ஜாடையிலயே உயிரெடுக்குறாரு. பலகையில எழுதி எழுதி சட்டையெல்லாம் சாக்பீஸு. சின்னப் புள்ளையாட்டம்…"

சொல்லியிருக்கலாம். 'என் கை தவறிவிட்டது அம்மா' என்று நாலு சொல். அவர் அழுதிருப்பார், ஏசியிருப்பார், என்னைப் பற்றி பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கச் சொல்லியிருப்பார். அவ்வளவுதானே? அதற்கா பயந்தேன்? இன்றுவரை எனக்கே புரியவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"அம்மா… நேத்து காலையில பேட்டரி மாத்துனேன்னு சொன்னீங்களே. நாலையும் ஒண்ணா கழட்டினீங்களா?"

"ஆமாண்ணே. ஏன்?"

"உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது எப்பவோ செத்துப் போச்சு போல. அது இல்லாம நாலையும் ஒண்ணா எடுத்தா…"

வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. கவனித்தீர்களா? முடிக்கும் வேலையை அவரிடம் விட்டேன்.



"நானா அண்ணே?"

இல்லை என்று சொல்ல அப்போதும் எனக்கு நேரம் இருந்தது.

"தெரியாமத்தானேம்மா செஞ்சீங்க. மனச விட்டுடாதீங்க" என்றேன்.

ஆறுதல் சொன்னேன்! குற்றத்தை அவர் தலையில் வைத்துக் கட்டிவிட்டு, அது வலிக்காமல் இருக்கத் தடவியும் கொடுத்தேன்.

அன்று மாலை நோட்டைத் திறந்து எழுதினேன்: 'அட்டை எண் 41. பொருத்தியாயிற்று. இயந்திரம் பெறும்போதே நினைவு காலி. உள் பேட்டரி பழுது.' அதற்கு மேலேயே வியாழக்கிழமை நான் எழுதிய வரி இருந்தது: 'உள் பேட்டரி நன்று.' அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வியாழனையும் வெள்ளியையும் புதிதாக எழுதினேன். எத்தனையோ ஆண்டுகளாக எழுதிவரும் நோட்டில் நான் கிழித்த முதல் தாள்.

குழுவிலும் போட்டேன். ஆம், அதையும் செய்தேன்! அட்டையின் படம், நாலு மடங்கு இடம் காட்டும் திரையின் படம். அழகான வேலை என்று பலர் எழுதினார்கள். அந்த நம்பாத மனிதர் மட்டும் கேட்டார்: "உள்ளே இருந்தது பிழைத்ததா?" "என்னிடம் வரும்போதே காலி" என்று பதில் எழுதினேன். "பாவம்" என்றார் அவர். யாரைச் சொன்னாரோ…

மறுநாள் சனிக்கிழமை இயந்திரத்தைக் கொண்டுபோனேன். அவர்கள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய அடுக்குமாடியின் மூன்றாவது மாடி. திலகவதி கீழே படிக்கட்டிலேயே எனக்காக நின்றிருந்தார். கண் வீங்கியிருந்தது.

"இன்னும் அவருக்குச் சொல்லலண்ணே. எனக்கு வாய் வரல. நீங்களே சொல்லிடுங்களேன்."

தலையாட்டினேன். மூன்று மாடி ஏறினோம்.

அருளானந்தம் வாசலில் இருந்தார். என் கையிலிருந்து வாங்கி, உட்கார்ந்து, மடியில் வைத்தார். தட்டினார். திரையைத் திருப்பினார்.

'எவ்வளவு இடம்?'

"நாலு மடங்கு சார்" என்றேன்.

இரண்டு கையையும் உயர்த்தி எனக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு பழையதைத் தேடினார். விரல் மேலும் கீழும் போனது. நின்றது. மறுபடியும் போனது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எது வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. உண்மைகூட வந்திருக்கலாம். ஆனால் திலகவதி முந்திக்கொண்டார்.

"நான்தாங்க. நான்தான் பேட்டரிய மாத்துறேன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அண்ணன் மேல தப்பு இல்ல."

அண்ணன் மேல் தப்பு இல்லை!

அவர் மனைவியை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, திரையை எங்கள் இருவருக்கும் தெரியும்படி வைத்தார்.

'சாட்சி உண்மையை ஒப்புக்கொண்டார். வழக்கு முடிந்தது.'

திலகவதி சிரித்துக்கொண்டே அழுதார். எழுந்து போய் வடையும் காப்பியும் கொண்டுவந்தார். நான் தின்றேன். இரண்டாவது வடையையும் தின்றேன்.

அதன் பிறகு அவர் அந்த இயந்திரத்தில் அதிகம் தட்டவில்லை. கரும்பலகைக்கே போய்விட்டார். எழுதுவார், காட்டுவார், உள்ளங்கையால் துடைப்பார். நோய் திரும்பியிருந்தது; விரலில் வலு குறைந்திருக்கலாம். அல்லது, போனது போனபின் சேர்த்துவைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியிருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனால் திலகவதிக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது.

"எம்மேல கோவம்ணே" என்று கைபேசியில் சொன்னார். "வாயால மன்னிச்சிட்டாரு. கையால மன்னிக்கல."

ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை விடியற்காலை, அருளானந்தம் இறந்தார்.

இறுதிச் சடங்குக்குப் போயிருந்தேன். நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஈப்போவிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், கடைசிக் காலத்தில் எப்படிப் பேசினார் என்று விசாரித்தார். கவிதா சொன்னாள்: "எல்லாம் ஒரு கம்ப்யூட்டர்ல அடிச்சுக் காட்டுவாரு மாமா. அவ்வளவும் அதுல இருந்துச்சு. அம்மா பேட்டரி மாத்துறேன்னு அழிச்சிட்டாங்க." கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த திலகவதி, "ஆமாங்க, நான்தான்" என்றார். வருகிறவர்களுக்கு எல்லாம் அதே பதில். "ஆமாங்க, நான்தான்."

என் கையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. அவற்றைக் கொண்டுபோய் வரிசையாக அடுக்கினேன். வரிசை நேராக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்துத் திலகவதியே கூப்பிட்டார்.

"அண்ணே, அந்தப் பொட்டியில எனக்குத் தட்டச் சொல்லித் தர முடியுமா? அவரு பேசினதுல எனக்கு நெனப்பு இருக்கிற வரைக்கும் அதுல ஏத்தி வெக்கணும். அழிச்சவதானே எழுதி வெக்கணும்?"

அதுமுதல் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை போகிறேன். அவர் ஒற்றை விரலால் தட்டுகிறார். 'சீனி போதும்.' 'தண்ணி சூடு பத்தல.' 'சாட்சி பொய் சொல்கிறார்.' ஒவ்வொன்றையும் எந்த நாள், என்ன சமையல், யார் வந்திருந்தார்கள் என்று யோசித்து யோசித்துத் தேடி எடுக்கிறார். நான் பிழை பார்க்கிறேன். கிளம்பும் முன் கம்பி மாட்டிப் படி எடுக்கிறேன். இருபது நிமிடம். ஒரு மாதமும் தவறியதில்லை. "எவ்வளவு பொறுமைண்ணே உங்களுக்கு" என்கிறார். அந்த இருபது நிமிடமும் நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்தப் படம் என் கைபேசியில் இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை முதலில் எடுத்து, குழுவில் போடாமல் விட்ட படம், எட்டு வரிகள். அருளானந்தத்தின் பழைய பேச்சில் பூமியில் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். அழிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. காட்டினால், இயந்திரம் என்னிடம் வந்தபோது உயிரோடு இருந்தது என்று அந்தப் படமே சொல்லிவிடும்.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

திலகவதி அன்று நெடுநேரம் தட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் எழுதாமலே தள்ளிக்கிட்டு வர்றேன்ணே" என்றார். "மெமரி ஃபுல்லாகிறதுக்கு முன்னாடி, கடைசியா அவரு அடிச்சுக் காட்டினது. நான் அடுப்படியில நின்னேன். கையெல்லாம் மாவு. கண்ணாடி ஃபிரிட்ஜ் மேல இருந்துச்சு. இவரு மேசையத் தட்டித் தட்டிக் கூப்புடுறாரு, பொட்டிய தூக்கிக் காட்டுறாரு, அடுப்படியக் கைய நீட்டிக் காட்டுறாரு. எனக்கு எழுத்து தெரியல. நான் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்தேன். அதான் தொந்தரவு போலன்னு, சரி சரி நிறுத்திட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் வீட்டுல பாடவே இல்ல. நோயாளிக்கு எரிச்சலா இருக்கும்ல?"

"அவரு… மறுபடியும் காட்டலையா?" என்று கேட்டேன்.

"அப்புறம் பலகை வந்தப்ப அதுல ஏதோ எழுத ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள கவிதா வந்துட்டா. தொடச்சிட்டாரு."

பிறகு குனிந்து தட்டினார். முடித்ததும் திரையை என் பக்கம் திருப்பினார். அவர் கணவர் திருப்புவது போலவே.

'பாடாதே. தலை வலிக்குது.'

"இதான் சொல்லியிருப்பாரு. சரியா இருக்காண்ணே?"

கைபேசி என் சட்டைப் பையில், நெஞ்சின் மேல் இருந்தது. எடுத்து நீட்ட வேண்டியதுதான். ஒரு கையசைவு.

அப்போது எனக்குள் ஒரு குரல் மிக நயமாகப் பேசியது. இப்போது காட்டினால் அவர் தாங்குவாரா? கணவன் நிறுத்தாதே என்று கேட்டிருக்க, அவருடைய கடைசி வாரங்களில் தான் வாய்மூடி இருந்துவிட்டோம் என்று தெரிந்தால் உடைந்துபோவாரே! தெரியாமலே இருப்பது அவருக்கு நல்லது… எவ்வளவு கருணை! அந்த வெள்ளிக்கிழமை 'மனச விட்டுடாதீங்க' என்று சொன்ன அதே குரல்தான் இதுவும். எனக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்தும் அதற்குக் கீழ்ப்படிந்தேன்.

ஓர் ஆண்டு எண் தவறியதற்கு மூன்று கடிதம் எழுதியவன், இறந்துபோன ஒருவர் வாயில் அவர் சொல்லாத சொல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் யார் கையால்? அவர் உண்மையில் சொன்னதை யார் கேட்டிருக்க வேண்டுமோ அவர் கையால்!

"சரியா இருக்கும்மா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினார். நான் கம்பியை மாட்டினேன். அந்தப் பொய்யையும் சேர்த்து, ஓர் எழுத்து சிந்தாமல் படி எடுத்தேன்.

திலகவதி எனக்குக் காப்பி போட அடுப்படிக்குப் போனார். தண்ணீர் கொதித்தது. கரண்டி டம்ளரில் பட்டது. வேறு சத்தம் எதுவும் வரவில்லை. நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.